காசும் காஷும்: காதை ஏமாற்றும் ஆங்கிலச் சொற்கள்



சென்ற மாதம் எனது நிகழ்ச்சியில் வருமானவரிப் படிவம் நிரப்புவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். வரி பற்றிய கேள்வியாக்கும் என்று நானும் பேனையைக் கையில் எடுத்தேன். அவர் கேட்டது வேறு. "தம்பி, இங்கிலீசில காஷ் எண்டு சொல்லுறது எங்கட காசுதானே? என்ர பேரன் இல்லையெண்டு சண்டை பிடிக்கிறான்."

நிகழ்ச்சி நேரம் முடிந்துவிட்டது. அடுத்து வருபவர் கண்ணாடிக்கு வெளியே நின்று கையைக் காட்டுகிறார். "அம்மா, நீங்களும் சரி, பேரனும் சரி" என்று அவசரமாகச் சொல்லி முடித்துக்கொண்டேன். அடுத்த வாரம் அதே அம்மா மீண்டும் எடுத்தார். இரண்டு பேரும் எப்படிச் சரியாக முடியும், ஒரு கணக்காளர் கணக்கு முடிக்கிற விதம் இதுதானா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கிய பிறகு அது காசோடு நிற்கவில்லை.

நான் மொழியியல் படித்தவன் அல்லன். வணிகமாணிப் பட்டதாரி. இரண்டு பக்கமும் சரிவருகிறதா என்று பார்ப்பதே என் தொழில். ஆனால் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஓர் ஆங்கிலச் சொல் என்னை மிகவும் வெட்கப்பட வைத்தது. அன்றிலிருந்து சொற்பிறப்பு அகராதி ஒன்று என் மேசையில் வரிச் சட்டப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தச் சொல் எது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஊரில் ஒரே குறிச்சியில் இரண்டு கந்தையாக்கள் இருந்தால் தபால்காரர் என்ன பாடுபடுவார் என்று உங்களுக்குத் தெரியும். கடைக் கந்தையா, வாத்தியார் கந்தையா என்று அடைமொழி வைத்துத்தான் சமாளிப்போம். அந்த இரண்டு கந்தையாக்களும் ஒன்றுவிட்ட சகோதரர்களாக இருக்கலாம். ஒருவருக்கொருவர் எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்களாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களும் அப்படித்தான். சில உறவுகள், சில அந்நியர்கள். எது எது என்பதைப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. பூர்வீகத்தைக் கேட்க வேண்டும்.

முதலில் அம்மாவின் காசு. இன்று கடையில் "காஷா, காட்டா?" என்று கேட்கும் காஷ், பேரன் சொல்வது போலத் தமிழிலிருந்து வந்தது அல்ல. இலத்தீனில் 'கப்சா' என்றால் பெட்டி. அது இத்தாலியில் 'கசா', பிரான்சில் 'கேஸ்' என்றாகி, 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. பணம் வைக்கும் பெட்டி என்பதே அதன் முதற்பொருள். பின்னர் பெட்டிக்குள் இருந்த பணத்துக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. நம் ஊர்க் கடைகளில் 'பட்டறையில் எவ்வளவு' என்று கேட்டால் மேசையையா கேட்கிறார்கள்? அதே கதைதான்.

ஆனால் ஆங்கில அகராதியில் இன்னொரு காஷ் இருக்கிறது. அது அம்மாவின் காஷ். தென்னிந்தியாவில் வழங்கிய சிறு செப்பு நாணயத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் அது. நமது காசுதான் அதன் மூலம். காசு என்பது நம்மிடம் பழைய சொல். 11 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசராச சோழன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டுவித்த கல்வெட்டுகளில் இத்தனை காசு முதல், அதற்கு இத்தனை வட்டி என்று கணக்கு இருக்கிறது. போர்த்துக்கேயர் வந்தபோது அவர்கள் வாயில் காசு 'கைஷா' ஆனது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் மொழியில் பெட்டிக்கும் 'கைஷா' என்றுதான் பெயர், அதே இலத்தீன் கப்சாவிலிருந்து வந்தது. சம்பந்தமே இல்லாத இரண்டு கந்தையாக்கள் அங்கேதான் முதலில் கைகுலுக்கியிருக்கிறார்கள். ஆங்கிலேயர் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். சீனாவில் நடுவில் ஓட்டை உள்ள செப்புக் காசைக் கண்டபோது அதற்கும் 'காஷ்' என்று பெயர் வைத்தார்கள்.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பனியின் கணக்கு இப்படி ஓடியது: 80 காஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தப் 'பணம்' ஆங்கிலத்தில் 'பனம்' என்றே எழுதப்பட்டது. ஒரு வராகனுக்கு 3,360 காசு! 1818 இல் ரூபாய்க்கு மாறும்வரை கம்பனியின் கணக்குப்பிள்ளைமார் இந்தப் பெருக்கலைச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் அனுதாபம் வரும். இந்தக் காசுகளில் ஒரு பகுதி இங்கிலாந்தில், பேர்மிங்காமில் அச்சடிக்கப்பட்டது. அப்படி அச்சடித்த செப்புக் காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் கென்ற் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகளை அள்ளி எடுத்தார்கள். பழைய நாணயக் கடைகளில் சில பவுண்சுக்கு இன்றும் வாங்கலாம். நான் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ரோம எண்ணில் 20 என்று போட்டு, கீழே ஆங்கிலத்தில் 'காஷ்' என்று இருக்கிறது. அம்மா, பேரனுக்குக் காட்ட விரும்பினால் நிலையத்துக்கு வாருங்கள், தருகிறேன். ஆனால் அவனுடைய காஷ் வேறு, உங்களுடைய காஷ் வேறு என்பதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள்.

'கறி'யும் இப்படித்தான். சாப்பிடுகிற 'கரி' நம்முடையது, சந்தேகமில்லை. ஆனால் மேலதிகாரிக்குக் குழைந்து நன்மை தேடுவதை ஆங்கிலத்தில் 'கரி பேவர்' என்பார்கள். அந்தக் கரி, குதிரைக்கு உடம்பு தேய்த்து வாருவது என்ற பழைய பிரெஞ்சுச் சொல். பேவரும் முதலில் பேவர் அல்ல, 'பேவல்' என்ற குதிரை. 14 ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கதைப்பாட்டு ஒன்றில் வரும் அந்தக் குதிரைக்குப் பெரிய மனிதர்கள் எல்லாம் வரிசையில் நின்று உடம்பு தேய்த்துவிடுகிறார்கள். குதிரையை மறந்த பிற்காலத்தவர் அதைப் 'பேவர்' ஆக்கிவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு கசப்பான விஷயமும் சொல்ல வேண்டும். நமது ஒன்றுகூடல்களில் சிலர் மேடையேறி, ஆங்கிலத்தின் 'எயிற்' நமது எட்டுத்தான் என்று அடித்துப் பேசுகிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் ஜெர்மனியில் இருக்கும் உங்கள் உறவினரிடம் எட்டுக்கு என்ன என்று கேளுங்கள். 'ஆக்ற்' என்பார். இலத்தீனில் 'ஒக்ரோ'. பழைய உரோம நாட்காட்டியில் எட்டாம் மாதமாக இருந்ததால்தான் ஒக்ரோபர். சமஸ்கிருதத்தில் அஷ்ட. எயிற் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. நமது எட்டு எங்கிருந்து வந்தது என்று எண்பதும் எண்ணூறும் சொல்லும்: 'எண்' என்ற அடி. கறி, கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் என்று நாம் உண்மையாகவே கொடுத்த சொற்கள் இருக்கும்போது கொடுக்காததற்கு உரிமை கோருவானேன்? போலி ரசீது ஒன்று அகப்பட்டால் நல்ல ரசீதுகளையும் சந்தேகிப்பார்கள். இது என் தொழிலில் நான் பார்த்தது.

இனி உறவுக்காரச் சொற்கள். 1066 இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது தங்கள் வட்டாரப் பிரெஞ்சைக் கொண்டுவந்தார்கள். பின்னாளில் பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சும் வந்தது. அதனால் ஒரே சொல் இரண்டு கதவால் இரண்டு தடவை உள்ளே வந்து, இரண்டு சொல்லாகக் குடியமர்ந்துவிட்டது. சலவை இயந்திரம் வாங்கினால் 'வொரன்ரி' தருகிறார்கள், 'கறன்ரி'யும் தருகிறார்கள். இரண்டும் ஒன்றே. நோர்மன் வாயில் 'வ', பாரிஸ் வாயில் 'க'. இன்று சட்டத்தில் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு, பிறப்பில் இல்லை. 'ரக்ஸ்' என்ற வரியும் 'ராஸ்க்' என்ற வேலையும்கூட ஒரே இலத்தீன் சொல்லின் பிள்ளைகள். ஒன்றைப் பணமாகக் கட்டுகிறோம், மற்றதை உழைப்பாகக் கட்டுகிறோம். ஜனவரி மாதத்தில் எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

மாட்டைக் குறிக்கும் 'கற்றில்', அசையும் சொத்தைக் குறிக்கும் 'சற்றல்' இரண்டையும் பாருங்கள். கடன் பத்திரங்களிலும் பழைய மரணசாதனங்களிலும் இந்தச் சற்றல் அடிக்கடி வரும். இரண்டுக்கும் தாய் 'கப்பிற்றாலே', அதாவது தலையாய சொத்து. 'கப்பிற்றல்' என்ற மூலதனமும் அதே வீடுதான். ஒரு காலத்தில் சொத்து என்றால் மாடு. நம்மவருக்கு இது புதிதல்ல. திருக்குறளில் 'மாடு' என்ற சொல்லே செல்வம் என்ற பொருளில் வருகிறதே.

வங்கிச் 'செக்' சொல்லும் கதை இன்னும் நல்லது. பாரசீகத்தில் 'ஷா' என்றால் அரசன். சதுரங்கத்தில் எதிரியின் அரசனை மடக்கும்போது எழுப்பிய குரல் பிரெஞ்சு வழியாக வந்து 'செக்' ஆனது. பிள்ளைகள் இன்றும் சொல்வது அதைத்தான். சதுரங்கப் பலகை போலக் கட்டம் போட்ட துணிக்கும் அந்தப் பெயர் வந்தது. 12 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசனின் வரிக் கணக்கை 10 அடி நீளமும் 5 அடி அகலமும் கொண்ட மேசையில், கட்டம் போட்ட கறுப்புத் துணி விரித்து, காய்களை நகர்த்தித்தான் பார்த்தார்கள். அதனால் திறைசேரிக்கு 'எக்ஸ்செக்கர்' என்று பெயர். நிதியமைச்சரை இன்றும் அந்த மேசைத் துணியின் பெயரால்தான் அழைக்கிறார்கள். மடக்குவது தடுப்பதாகி, தடுப்பது சரிபார்ப்பதாகி, சரிபார்ப்பதற்காக வைத்துக்கொண்ட அடிக்கட்டைக்குச் 'செக்' என்று பெயர் வந்து, கடைசியில் காசோலைக்கே அது நிலைத்தது. கியூ எழுத்தைப் போட்டு எழுதும் பிரித்தானிய வழக்கம் எக்ஸ்செக்கரைப் பார்த்து வந்தது. அமெரிக்காவில் இருப்பவர்கள் இன்றும் சி-கே போட்டே எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றுதான், பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டிய சோடி 'பிரின்சிப்பல்'. ஏ-எல் என்று முடிந்தால் கடனின் முதல். எல்-ஈ என்று முடிந்தால் கொள்கை. காதுக்கு வேறுபாடே தெரியாது.

எனது வாடிக்கையாளர் ஒருவர் வீடு வாங்கியிருந்தார். 2004 இல் கடன் கொடுத்த நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவரும் மனைவியும் இரண்டு வேலை செய்பவர்கள். எல்லாரும் செய்வது போலப் பத்து வயது மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் 'அவுட்ஸ்ராண்டிங்' என்றால் மிகத் திறம் என்று பொருள். பிரின்சிப்பலும் அவளுக்குக் கொள்கைதான். ஆகவே அவள் சொன்னாள்: "அப்பா, எங்கட கொள்கை மிகத் திறமாம்." அப்பாவுக்கு மகிழ்ச்சி. கடிதம் பத்திரமாகக் கோப்புக்குள் போய்விட்டது.

கடிதத்தில் இருந்தது என்னவென்றால், முதல் முழுவதும் நிலுவையில் உள்ளது என்பது. அவர் எடுத்திருந்தது வட்டியை மட்டும் கட்டும் மோட்கேஜ். மாதம் தவறாமல் கட்டினார். ஒரு பவுணும் முதலில் குறையவில்லை. 2010 இல் வேறொரு அலுவலாக அந்தக் கோப்பு என்னிடம் வந்தபோதுதான் இது வெளியே வந்தது. திருப்பிச் செலுத்தும் முறைக்கு மாற்றினோம், தவணை அவருடைய 68 வயதுவரை நீண்டது. இன்னும் வேலைக்குப் போகிறார். அந்தப் பிள்ளை இப்போது வளர்ந்து தானும் வேலை செய்கிறாள். இந்தக் கதையை எழுத அனுமதி கேட்டபோது சிரித்துக்கொண்டு சம்மதித்தாள். பிறகு, "அங்கிள், எனக்கு அப்ப பத்து வயசு" என்றாள். அதற்கு நான் என்ன சொல்ல? அவள் மீது ஒரு பிழையும் இல்லை. நமது வீடுகளில் எத்தனையோ பிள்ளைகளின் தலையில் அந்தச் சுமையை நாம் வைத்தோம்.

உண்மையில் இந்தச் சொல்லைத் தமிழன் மறக்கவே கூடாது. இலத்தீனில் 'பிரின்செப்ஸ்' என்றால் முதலாமவர். அதிலிருந்து பள்ளிக்கூட அதிபரும் பிரின்சிப்பல், கடனில் முதலில் கொடுத்த தொகையும் பிரின்சிப்பல். நாமும் அந்தத் தொகையை 'முதல்' என்றுதானே சொல்கிறோம்? தொடக்கம் என்ற பொருளில் பிறந்த மற்றது, எதையும் தொடங்குவதற்கு அடிப்படையான கொள்கை ஆனது. 'முதல்' இருந்தால் ஏ-எல் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். மோட்கேஜ் என்பதற்குப் பழைய பிரெஞ்சில் செத்த ஈடு என்று பொருள் என்பதை அந்த வாடிக்கையாளருக்கு நான் சொல்லவில்லை.

சிலவற்றை விரைவாகச் சொல்லிப் போகிறேன். 'எமிகிரன்ற்', 'இமிகிரன்ற்' இரண்டும் ஒரே ஆள். கட்டுநாயக்காவில் ஏறும்போது முதலாவது, ஹீத்ரோவில் இறங்கும்போது இரண்டாவது. 'ஸ்ரேஷனரி' ஈ-ஆர் போட்டால் கடதாசியும் பேனையும், ஏ-ஆர் போட்டால் அசையாமல் நிற்பது. மற்றவர்கள் தலையில் சுமந்து விற்ற காலத்தில் ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டுப் புத்தகம் விற்றவருக்கு 'ஸ்ரேஷனர்' என்று பெயர் என்பதால் இவையும் உறவுதான். 'கவுன்சில்' என்பது கூடியிருக்கும் சபை, 'கவுன்சல்' என்பது ஆலோசனை, அதிலிருந்து நீதிமன்றத்தில் வாதாடும் சட்டத்தரணி. இலத்தீனிலேயே இவை இரண்டு தனிச் சொற்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் தன் மேன்முறையீட்டு வழக்கில் 'கவுன்சலின் கட்டணம்' என்று வந்த பில்லைக் கொண்டுபோய் உள்ளூராட்சி அலுவலகத்தில் நீட்டி, இது உங்களுடையது என்று ஒரு மணித்தியாலம் வாதாடியிருக்கிறார். வாதாடிய விதத்தைக் கேட்டபோது அவருக்குக் கவுன்சலே தேவையில்லை என்று நினைத்தேன்.

இனி, தொடக்கத்தில் சொன்ன அந்தச் சொல்.

1996 மாரி காலம். கிழக்கு லண்டனில் ஒரு வீட்டில் ஏழு பேர் இருந்தோம். நான் வந்து ஒரு வருடம் ஆகவில்லை. பட்டதாரி என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டுக்கு வருகிற கடிதமெல்லாம் என் கட்டிலுக்கு வந்துவிடும். அங்கே தம்பி ஒருவர், வயது 22. கொழும்பில் லொட்ஜில் வைத்துப் பிடிக்கப்பட்டு, நான்கு மாதம் ஓரிடத்தில், மூன்று மாதம் இன்னோரிடத்தில் வைத்திருக்கப்பட்டவர். என்ன நடந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. உங்களில் பலருக்குச் சொல்லத் தேவையில்லை. அவருடைய தஞ்சக் கோரிக்கைக்கு வாக்குமூலம் எழுத வேண்டும். இரண்டு இரவு அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். துன்புறுத்தினார்கள் என்று வருகிற இடமெல்லாம் ஒரு கனமான சொல் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. 'புரொசிக்கியூற்' என்று எழுதினேன். பின்னர் எண்ணிப் பார்த்தேன். ஒன்பது இடத்தில்.

சட்டத்தரணி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. மூன்று பக்கம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். எந்த நீதிமன்றம், வழக்கு இலக்கம் என்ன, என்ன தீர்ப்பு என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். "கோட்டா? என்னை ஒருநாளும் கோட்டுக்குக் கொண்டு போகேல்லையே அண்ணை."

அந்த அம்மையார் ஒரு மஞ்சள் தாளில் இரண்டு சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். புரொசிக்கியூசன், பேர்சிக்கியூசன். முதலாவது, குற்றம் சாட்டி நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்வது. இரண்டாவது, ஒருவரை அவருடைய இனத்துக்காக, மதத்துக்காக, அரசியல் கருத்துக்காக வதைப்பது. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனம் பாதுகாப்புத் தருவது இந்த இரண்டாவதற்குப் பயந்து ஓடி வருபவருக்கு. நான் எழுதியபடி அந்தத் தாள் போயிருந்தால், தன் நாட்டில் குற்றவாளியாக வழக்குத் தொடரப்பட்டவர் என்று ஒன்பது தடவை அவரே கையெழுத்திட்டதாக ஆகியிருக்கும். பிறகு நேர்முகத்தில், நீதிமன்றத்தைக் கண்டதே இல்லை என்று உண்மையைச் சொல்லியிருப்பார். எழுத்தில் ஒன்று, வாயில் ஒன்று. முன்னுக்குப் பின் முரண் என்று கோப்பை மூட அது போதும்.

அகராதியைத் திறந்தபோது எனக்கு இன்னும் ஆச்சரியம் காத்திருந்தது. இரண்டு சொல்லும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இலத்தீனில் 'செக்வி' என்றால் பின்தொடர்வது. 'புரோ' சேர்ந்தால் முன்னோக்கித் தொடர்வது. எடுத்த காரியத்தை விடாமல் நடத்திச் செல்வது, அதிலிருந்து வழக்கை நடத்துவது. தமிழிலும் வழக்குத் 'தொடர்வது' என்றுதான் சொல்கிறோம், கவனித்தீர்களா? 'பேர்' சேர்ந்தால் கடைசிவரை, விடாமல் துரத்துவது. அதிலிருந்து வதைப்பது. ஒரே தொடர்தல்தான். ஒன்றில் சட்டம் பின்னால் வருகிறது, மற்றதில் சட்டமே இல்லாமல் ஆள் பின்னால் வருகிறார்.

தம்பியின் ஏழு மாதத்தையும் இந்த வேறுபாட்டை வைத்துத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். இலங்கையில் 1979 இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்படி, அமைச்சரின் உத்தரவோடு ஒருவரைக் குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் 18 மாதம்வரை தடுத்து வைக்க அன்று இடமிருந்தது. அவர்மீது வழக்கு எதுவும் இல்லை என்பதே அவருடைய வழக்கின் பலம். அதைத்தான் நான் ஒன்பது தடவை வெட்டி எறிந்திருந்தேன்.

அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையாளர் பணியகம் 1979 இல் வெளியிட்ட கைநூலில் இந்த இரண்டு சொல்லையும் பிரித்துக் காட்டும் பகுதி ஒன்று இருக்கிறது. சாதாரணக் குற்றத்துக்கான தண்டனைக்குப் பயந்து ஓடுபவர் பொதுவாக அகதி ஆகமாட்டார் என்கிறது. வழக்கு என்ற பெயரில் அளவுமீறிய தண்டனை கொடுத்தால் அதுவே வதையாகலாம் என்றும் சொல்கிறது. அதே பகுதியில் இன்னொரு சோடியும் வருகிறது: 'றெவ்யூஜீ', 'பியூஜிற்றிவ்'. இவையும் ஒரே வயிறு. இலத்தீனில் 'பியூஜெரே' என்றால் ஓடுவது. பியூஜிற்றிவ் நீதியிடமிருந்து தப்பி ஓடுபவர். றெவ்யூஜீ பாதுகாப்பான இடத்தை நோக்கி ஓடுபவர். புரொசிக்கியூசனுக்குப் பயந்தால் முன்னவர், பேர்சிக்கியூசனுக்குப் பயந்தால் பின்னவர். இரண்டு தாய்ச் சொற்கள், நான்கு பிள்ளைகள். நம்மில் எத்தனையோ பேரின் விசா முடிவு இந்த நாலு பேருக்கு நடுவில்தான் நின்றது.

றெவ்யூஜீ என்ற சொல் ஆங்கிலத்துக்கு வந்ததும் அகதிகளோடுதான். 1685 இல் பிரான்சின் பதினான்காம் லூயி மன்னன், புரட்டஸ்தாந்தருக்கு இருந்த வழிபாட்டுரிமையைப் பறித்தான். ஹியூகனொட்டுகள் என்ற அந்த மக்கள் ஆயிரக்கணக்கில் இங்கிலாந்துக்கு ஓடிவந்தார்கள். கூடவே பிரெஞ்சு மொழியில் தங்களைக் குறித்த சொல்லையும் கொண்டுவந்தார்கள். லண்டனில் பலர் ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பகுதியில் பட்டு நெய்து பிழைத்தார்கள். அங்கே பிரிக் லேனில் அவர்கள் 1743 இல் கட்டிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. பின்னர் அது மெதடிஸ்த ஆலயமாகி, யூதர்களின் தொழுகைக்கூடமாகி, 1976 முதல் பள்ளிவாசலாக இருக்கிறது. 1996 இல் எங்கள் வீட்டிலிருந்து அதற்குப் பேருந்தில் அரை மணித்தியாலம். அந்தச் சுவரைக் கடந்து எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அப்போது ஒன்றும் தெரியாது.

வாக்குமூலத்துக்கு வருகிறேன். சட்டத்தரணி ஒன்பது இடத்திலும் பேனையால் வெட்டித் திருத்தினார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் தம்பி கையெழுத்து வைத்தார். நான் கதிரையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். வெளியே வந்து பேருந்துத் தரிப்பில் நின்றபோது நான் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கோ அண்ணை, நீங்கள் எழுதாட்டி ஆர் எழுதுறது" என்றார். மூன்று வருடம் கழித்து அவருக்கு வதிவிட உரிமை கிடைத்தது.

இப்போது அவருக்கு வயது 50 தாண்டிவிட்டது. சொந்தக் கடை, மூன்று பிள்ளைகள். ஆங்கிலம் என்னைவிட நன்றாகப் பேசுகிறார். ஆனாலும் அரசாங்கத்திலிருந்து ஒரு தடித்த கடிதம் வந்தால் எனக்குத் தொலைபேசி எடுத்து, விளங்காத சொல்லை எழுத்து எழுத்தாக வாசிப்பார். வாசித்து முடித்ததும் நான் உடனே பதில் சொல்வதில்லை. "பொறு தம்பி, அகராதியைப் பாத்திட்டு எடுக்கிறன்" என்பேன். அந்தப் பக்கத்தில் அவர் சிரிப்பது கேட்கும்.